மருந்துச் செடிகளைப் போற்றுவோம்; ஆய்ந்து போற்றுவோம்!

(கோடைக்கானல் நாயுடுபுரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், பனி இறங்கும் இம்மாலை வேளையில், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இத்துணைப் பேர் வந்து அமர்ந்திருக்கின்றீர்கள். உங்களுள் முழங்காலைத் தடவியபடி இருப்போர் சிலரையும் காண்கின்றேன். பூண்டு மூட்டையும் விறகுக் கட்டும் சுமந்து சரிவுகளில் ஏறி இறங்கிய கால்கள் அவை. எனவே, வலியையும் வீக்கத்தையும் பற்றிப் பேசுவதற்கு இதனினும் ஏற்ற ஊர் எனக்குக் கிடைத்திராது.

நான் உங்கள் முன் வைக்க வந்த கேள்வி ஒன்றே. நம் முன்னோர் வலிக்கென்று கண்ட செடிகளை நாம் போற்றுகின்றோம். போற்றினால் மட்டும் போதுமா?

முடக்கறுத்தான் கொடியை அறியாதார் இங்கு இருக்க இயலாது. வேலியிலும் புதரிலும் படர்ந்து, காற்றடைத்த பை போன்ற காய்களைத் தொங்கவிடும் கொடி அது. கைகால் முடக்கத்தை அறுப்பதால் முடக்கறுத்தான் என்றனர் நம் மக்கள். அதன் இலையை அரைத்து மாவொடு கலந்து தோசை வார்ப்பதும், மிளகு சேர்த்துச் சாறு வைப்பதும் இன்றும் நம் வீடுகளில் உண்டு. இதே கொடிக்கு ஐரோப்பியர் இட்ட பெயருக்கு 'நெஞ்சாங்குலை விதை' என்பது பொருள். அதன் கரிய விதையின்மேல் நெஞ்சாங்குலை வடிவில் ஒரு வெண்புள்ளி இருப்பதைக் கண்டு அவ்வாறு பெயரிட்டனர். அவர் விதையின் தோற்றத்தைப் பார்த்தனர். நம்மவர் கொடியின் பயனைப் பார்த்தனர். வாதநாராயணன் என்று இன்று வழங்கும் மரத்துக்கும் வாதமடக்கி என்று மற்றொரு பெயர் உண்டு. அதுவும் பயன் நோக்கி இட்ட பெயரே.

இப்பெயர்களைச் சொல்லிப் பெருமை கொள்கின்றோம், கொள்ள வேண்டியதுதான். ஆனால் நம்முள் பலர் அவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றனர். முடக்கறுத்தான் என்னும் பெயர், இக்கொடி முடக்கத்தைத் தீர்க்கும் என்று முன்னோர் கண்டு சொல்லிச் சென்ற செய்தி. எவ்வகை முடக்கத்தை? எவ்வளவு உண்டால்? எத்துணை நாளில்? யாருக்கு ஆகாது? இக்கேள்விகளுக்கு அப்பெயருக்குள் விடை இல்லை. விடை காணும் கடமையை அவர்கள் நமக்கு விட்டுச் சென்றிருக்கின்றனர்.

அக்கடமையை மறந்தால் என்ன நேரும் என்பதை என் வீட்டிலேயே கண்டவன் நான். என் அத்தைக்குப் பல ஆண்டுகளாக முழங்கால் வலி. சந்தைக்கு வந்த ஒருவன், 'மலைமூலிகைப் பொடி, பக்க விளைவே இல்லை' என்று கூவி விற்றதை வாங்கினார். பொட்டலத்தின்மேல் பெயரும் இல்லை. உள்ளே என்ன இருக்கின்றது என்னும் குறிப்பும் இல்லை. மூன்றே நாளில் வலி பறந்தது. 'பார்த்தாயா நம் மருந்தின் ஆற்றலை!' என்று ஊரெல்லாம் சொன்னார். நானும் மகிழ்ந்தேன். ஆறு திங்கள் சென்றன. முகம் நிலவுபோல் உருண்டது, நீரிழிவு ஏறியது, ஒருநாள் வாயிற்படியில் கால் இடறி விழுந்தவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, 'ஏதேனும் பொடி உண்டீர்களா?' என்பதே. வலியை விரைந்து அடக்கும் இசுட்டீராய்டு மாத்திரைகளை இடித்து மூலிகைப் பொடியில் கலந்து விற்கும் கயவர் நாட்டில் பலர் இருக்கின்றனர். நெடுநாள் உண்டால் எலும்பை அரிப்பதும், உண்டுவந்து திடுமென நிறுத்தினால் உயிருக்கே கேடு செய்வதும் அம்மருந்தின் இயல்பு. என் அத்தை படுக்கையில் கிடந்தபடி சொன்னது இன்னும் என் காதில் ஒலிக்கின்றது: "நம் நாட்டு மருந்து என்று சொன்னானே அப்பா, அதனால்தானே நம்பினேன்!"

தோழர்களே, அவ்வஞ்சகன் விற்றது பொடியை மட்டுமா? நம் மொழியின்மேலும் முன்னோரின்மேலும் அவ்வம்மையார் வைத்திருந்த பற்றையும் சேர்த்தல்லவா விற்றான்! ஆய்வில்லாத புகழ்ச்சி எவனுக்குப் பயன்படுகின்றது என்பதை இதனால் உணர வேண்டும்.

சரி, ஆய்வு என்றால் என்ன? 'வலியை எப்படி ஐயா அளப்பது, அது கண்ணுக்குத் தெரியாதே?' என்று கேட்பீர்கள். முறையாகச் சொல்கின்றேன்.

முதற்படி, செடி இன்னது என்று ஐயமறத் தெளிதல். பூவும் இலையும் காயும் உடைய கிளையை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, பறித்த இடமும் நாளும் குறித்து வைக்க வேண்டும். இப்பழனிமலைச் செடிகளை அவ்வாறு ஊர் ஊராய்த் திரிந்து தொகுத்தவர் திருச்சித் தூய வளனார் கல்லூரியைச் சேர்ந்த அருட்தந்தை கே.எம். மத்தேயு. பழனிமலைச் செடியினங்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 1999ஆம் ஆண்டு மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. இம்மலையில் எச்செடியை ஆய்வதாயினும் அந்நூலைப் புரட்டாமல் தொடங்க இயலாது.

அடுத்த படி, விலங்குகளிடத்து ஆய்வு. கடற்பாசியினின்று எடுக்கும் கேரகீனன் என்னும் பசைப்பொருளை எலியின் பின்னங்காலில் ஊசிவழிச் சிறிதளவு செலுத்துவர். சில மணி நேரத்தில் அக்கால் வீங்கும். காலை நீர்மம் நிறைந்த குழாயில் ஆழ்த்தி, இடம்பெயரும் நீர்மத்தைக் கொண்டு வீக்கத்தை அளப்பர். செடிச்சாறு கொடுத்த எலி, வெறும் நீர் கொடுத்த எலி, முன்னரே பயன் அறியப்பட்ட மருந்து கொடுத்த எலி ஆகிய மூன்றையும் ஒப்பிடுவர். 1962ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் வழங்கி வரும் முறை இது. வலியை அறிய, சூடான தட்டின்மேல் விட்ட எலி எத்துணை நொடியில் காலை நக்குகின்றது, எப்போது தாவுகின்றது என்று கணக்கிடுவர்.

இவ்வளவில் நம் செடிகள் தோற்கவில்லை. முடக்கறுத்தானைச் சென்னை ஆய்வாளர் 1976ஆம் ஆண்டிலேயே விலங்குகளிடத்து ஆய்ந்து எழுதினர்; அழற்சியில் அஃது எவ்வாறு செயற்படுகின்றது என்னும் ஆய்வு 1987ஆம் ஆண்டிலும் வெளிவந்தது. நொச்சியின் பச்சையிலைச் சாற்றை இலங்கையில் கொழும்புப் பல்கலைக் கழகத்தார் ஆய்ந்து, எலிக்காலின் வீக்கமும் வலியும் குறைவதை 2003ஆம் ஆண்டு வெளியிட்டனர். நொச்சி இலையைக் கொதிநீரிலிட்டு ஆவி பிடித்த நம் பாட்டிமார் பொய் சொல்லவில்லை என்பதற்கு ஒரு சான்று கிடைத்தது.

ஆனால் எலியின் கால் வேறு. மாந்தரின் முழங்கால் வேறு. எலியிடத்து வென்று மாந்தரிடத்துத் தோற்ற மருந்துகள் பற்பல. ஆகவே மூன்றாம் படியாகிய மாந்தர் ஆய்வு இன்றியமையாதது. அதை எவ்வாறு செய்வது? மூட்டுவலி தானே ஏறும், தானே இறங்கும். மிகுந்திருக்கும் நாளில்தான் நாம் மருந்து தேடி ஓடுகின்றோம். எனவே மருந்து ஒன்றுமே செய்யாவிடினும் அடுத்த கிழமை வலி குறைந்தே தோன்றும். கொடுப்பவர்மேல் நம்பிக்கை இருந்தால் இன்னும் குறைந்ததாகத் தோன்றும். இம்மயக்கத்தை நீக்கவே, ஒப்புதல் தந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு கூறாக்குவர். ஒரு கூற்றுக்கு மருந்து. மற்றொரு கூற்றுக்கு அதே நிறமும் வடிவும் உடைய வெற்று மாத்திரை, அல்லது பயன் அறிந்த பழைய மருந்து. யாருக்கு எது என்பதை உண்பவரும் அறியார், கொடுப்பவரும் அறியார். முடிவிலே கணக்கைத் திறந்து பார்ப்பர். முன்னோரை ஐயுறுவதற்காக ஏற்பட்ட முறையன்று இது. நம் கண்ணும் ஆசையும் நம்மையே ஏமாற்றாமல் காப்பதற்காக ஏற்பட்டது.

இதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகின்றேன். முதலாவது இம்மலையின் காலடியிலேயே உள்ளது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய பூக்களுள் முதலில் நிற்பது செங்காந்தள். இன்று தமிழ்நாட்டின் மலரும் அதுவே. ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம் பகுதிகளில் உழவர் அதைப் பயிராக வளர்த்து, காலையில் பூவுக்குப் பூ கையால் தாது சேர்த்து, விதையெடுத்து விற்கின்றனர். அவ்விதை கடல் கடந்து செல்கின்றது. ஏன்? அதனுள் கோல்சிசின் என்னும் பொருள் இருக்கின்றது. 1820ஆம் ஆண்டு பெல்லத்தியே, கவந்து என்னும் பிரெஞ்சு வேதியலார் இருவர் கோல்ச்சிக்கம் என்னும் ஐரோப்பியச் செடியினின்று பிரித்தெடுத்த அதே பொருள். மூட்டுக்குள் உப்புப் படிகங்கள் சேர்ந்து நெருப்பாய் எரியும் கீல்நோயில், அழற்சியை வளர்க்கும் வெள்ளணுக்கள் அங்கே திரண்டு செல்லாதபடி அது தடுக்கின்றது.

ஆனால் காந்தட் கிழங்கு கொடிய நஞ்சு. அதைத் தின்று மாண்டோர் பலர். அம்மருந்தும் அளவு மிஞ்சினால் கொல்லும். வயிற்றுப்போக்கு வரும்வரை கொடுத்துக்கொண்டே இருப்பதுதான் மேலைநாட்டிலும் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 2010ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், கீல்நோய் கண்ட 184 பேரைப் பகுத்து, சிலருக்கு ஆறு மணி நேரத்தில் 4.8 மில்லிகிராமும், சிலருக்கு ஒரு மணி நேரத்தில் 1.8 மில்லிகிராமும், சிலருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தனர். குறைந்த அளவே மிகுந்த அளவுக்கு ஒப்பான பயன் தந்தது; வயிற்றுப்போக்கோ மிகக் குறைந்தது. நோயாளியையும் நோயையும் காலத்தையும் அளந்து மருத்துவம் செய்க என்று வள்ளுவர் மருத்துவனுக்குச் சொன்னார் அல்லவா? அவ்வளவை எண்ணால் கண்டு சொல்வதே ஆய்வு.

அதோடு நிற்கவில்லை. அழற்சி நெஞ்சாங்குலை நோய்க்கும் கரணியமாவதால், 2019ஆம் ஆண்டு 4,745 பேரிடத்தும், 2020ஆம் ஆண்டு 5,522 பேரிடத்தும் நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம் கொடுத்து ஆய்ந்ததில் பயன் கண்டனர். 2023ஆம் ஆண்டு அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. 2024ஆம் ஆண்டு 7,000 பேர்க்கு மேல் பங்கேற்ற மற்றோர் ஆய்வில், மாரடைப்பு வந்தவுடன் தொடங்கிக் கொடுத்ததில் பயன் தெரியவில்லை. அதையும் மறைக்காமல் வெளியிட்டனர். நமக்கு உவப்பான முடிவையும் உவப்பற்ற முடிவையும் ஒரே தாளில் எழுதுவதுதான் அறிவியலின் நேர்மை.

இரண்டாவது எடுத்துக்காட்டு தாய்லாந்து. முழங்கால் தேய்வு நோயுற்ற 367 பேரை அந்நாட்டார் இரு கூறாக்கி, ஒரு கூற்றுக்கு நாள்தோறும் 1,500 மில்லிகிராம் மஞ்சள் பிழிவும், மறு கூற்றுக்கு 1,200 மில்லிகிராம் ஐபுபுரூபனும் நான்கு கிழமை கொடுத்தனர். 2014ஆம் ஆண்டு வெளிவந்த அம்முடிவின்படி, வலி குறைப்பதில் மஞ்சள் அம்மாத்திரைக்குத் தாழ்ந்து போகவில்லை. வயிற்று உபாதை மஞ்சள் உண்டவர்க்குக் குறைவு. அவர்கள் கொடுத்தது அளந்து செறிவாக்கிய பிழிவு. குழம்பில் தூவும் பொடியன்று. மஞ்சள் விளைவதில் ஈரோடு பெயர் பெற்றது. மஞ்சளைப் பூசிக் குளித்த குடி நம் குடி. இந்த ஆய்வை நாமல்லவா முதலில் செய்திருக்க வேண்டும்? முடக்கறுத்தானுக்கு எலிக்கால் ஆய்வு பல. இத்தகைய பெரிய மாந்தர் ஆய்வு அரிதினும் அரிது. பழைய நூலில் உள்ளபடி செய்யும் மருந்துக்கு உரிமம் பெற, மாந்தரிடத்து ஆய்ந்து காட்ட வேண்டும் என்னும் கட்டாயம் சட்டத்திலும் இல்லை. கட்டாயம் இல்லாததால் செய்யாமலிருக்கின்றோம்!

இனி, மொழியைப் பற்றி ஒரு சொல். வலிநோய்க்கு வடநூலார் சிறப்பித்துச் சொல்வது இராசுனா. அப்பெயரால் வடக்கே ஒரு செடியைப் பயன்படுத்துகின்றனர். தெற்கே அதே பெயரால் அரத்தைக் கிழங்கைப் பயன்படுத்துகின்றனர். இரண்டும் வேறு வேறு குடும்பச் செடிகள். வடக்கில் ஆய்ந்த முடிவைத் தெற்கிலுள்ள மருந்துக்கு எவ்வாறு பொருத்துவது? நம் மக்களோ சிற்றரத்தை, பேரரத்தை என்று இரண்டு அரத்தைகளையே பிரித்தறிந்து பெயரிட்டனர். இத்தகைய சொற்களை இழந்தால் அறிவையும் இழப்போம். ஆயினும் நம் வீட்டுக் குறையையும் சொல்லிவிடுகின்றேன்: பற்பாடகம் என்னும் ஒரே பெயரில் வெவ்வேறு செடிகள் நம் கடைகளிலும் விற்கின்றன. பெயர் தமிழாயிருந்தால் மட்டும் செடி சரியாகிவிடாது.

உடைமையைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டனர். இந்திய அறிவியல் தொழிலக ஆய்வுமன்றம் வழக்காடி 1997ஆம் ஆண்டு அதை நீக்கச் செய்தது. எதைக் கொண்டு வென்றனர்? 'எங்கள் பாட்டி சொன்னாள்' என்று சொல்லி வெல்லவில்லை. பழைய நூல்களையும், 1953ஆம் ஆண்டு இந்திய மருத்துவர் இதழில் வந்த கட்டுரையையும் உள்ளிட்ட எழுத்துச் சான்றுகளை அடுக்கியே வென்றனர். எழுதி வைக்காத அறிவு வழக்குமன்றத்தில் ஊமையாகிவிடும்.

அறிந்தவர்க்குப் பங்கு கொடுக்கும் நேர்மையும் வேண்டும். 1987ஆம் ஆண்டு அகத்தியர் மலையில் ஆய்வாளருடன் சென்ற காணிமக்கள், களைப்புத் தெரியாதிருக்கத் தாங்கள் மென்ற காயை அவர்க்கும் காட்டினர். அதிலிருந்து கேரளத்துத் தாவர ஆய்வு நிறுவனம் செய்த மருந்தை ஒரு நிறுவனத்துக்கு விற்றபோது, உரிமத் தொகையிலும் வருவாய்ப் பங்கிலும் பாதி காணிமக்களுக்கு என்று முடிவாகி, 1997ஆம் ஆண்டு அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவாயிற்று. குறைகள் இருப்பினும் அது வழிகாட்டிற்று. 2002ஆம் ஆண்டு உயிரினப் பன்மைச் சட்டமும் வந்தது. இப்பழனிமலையின் பளியர் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த செடியறிவை எவரேனும் குறிப்பேட்டில் எழுதிச் சென்றால், அப்பங்கு அவர்க்கும் உரியது. அவர் ஒப்புதலின்றி எழுதுவதும் களவே.

முடிக்கும் முன் உங்கள் வாயிற்படிக்கே வருகின்றேன். மலைநகரக் கடைகளில் விண்டர்கிரீன் எண்ணெய் என்னும் வலிநீக்கி எண்ணெய் விற்கின்றது. அதைத் தரும் செடி இம்மலைச் சோலைகளின் ஓரங்களிலும் வளர்கின்றது. அவ்வெண்ணெய் ஏறத்தாழ முழுமையும் மீத்தைல் சாலிசிலேட்டு. ஆசுப்பிரின் மாத்திரையின் உறவுப்பொருள். இவ்வகைப் பொருள்கள் உடலில் வலியையும் வீக்கத்தையும் தூண்டும் சுரப்புகளைத் தடுக்கின்றன என்பதை 1971ஆம் ஆண்டு இங்கிலாந்து அறிஞர் சான் வேன் கண்டறிந்து, 1982ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றார். எனவே தேய்த்தால் வலி குறைவது கற்பனையன்று. ஆனால் அவ்வெண்ணெய் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர், ஏறத்தாழ 7 கிராம் ஆசுப்பிரினுக்கு நிகர். இருபது மாத்திரைக்கு மேல்! சிறு குழந்தை குடித்தால் உயிர் போகும். குருதி உறையாமைக்கு மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் தேய்க்கலாகாது. 'செடியிலிருந்து வந்தது, தீங்கில்லை' என்று சொல்லிக் குப்பியைக் குழந்தை கைக்கெட்டும் இடத்தில் வைக்கும் தாய்மார் இங்கிருந்தால், இன்றிரவே எடுத்து மேலே வைத்துவிடுங்கள்.

நாம் செய்யத்தக்கவை யாவை? பெயரும் உள்ளடக்கமும் இல்லாத பொட்டலத்தை எவன் எத்தமிழில் கூவி விற்றாலும் வாங்காதீர்கள். மூன்று நாளில் முழுவலியும் பறந்தால் மகிழாதீர்கள், ஐயுறுங்கள். உண்டு வருவோர் தாமே நிறுத்தாமல் மருத்துவரிடம் பொட்டலத்தோடு செல்லுங்கள். வீட்டு மூத்தோர் அறிந்த செடியைப் பெயர், பறித்த இடம், பயன்படும் உறுப்பு, அளவு, ஆகாதவர் ஆகியவற்றோடு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். இக்கோடையிலேயே 1984 முதல் அன்னை தெரேசா மகளிர் பல்கலைக் கழகம் இருக்கின்றது. தாம்பரத்தில் 2005 முதல் நடுவணரசின் சித்த மருத்துவ நிறுவனம் இருக்கின்றது. அங்குப் பயிலும் நம் பிள்ளைகள் எலிக்காலோடு நின்றுவிடாமல், முறையான மாந்தர் ஆய்வுக்குத் துணிய வேண்டும். ஆய்வேடு எம்மொழியில் இருப்பினும், அதன் முடிவு, அளவு, தீங்கு மூன்றையும் இரண்டு பக்கத் தமிழில் எழுதி, செடியைக் காட்டிய ஊருக்கே கொண்டுவந்து படித்துக் காட்ட வேண்டும்.

ஆய்வில் சில செடிகள் தோற்கலாம். தோற்கட்டும்! தோற்றவற்றைத் தோற்றன என்று நாமே சொன்னால்தான், வென்றவற்றை வென்றன என்று நாம் சொல்லும்போது உலகம் நம்பும். என் அத்தை நம்பிய 'நம் நாட்டு மருந்து' என்னும் சொல்லை வஞ்சகர் வாயினின்று மீட்க வேறு வழி இல்லை.